அம்மாவின் பல் நிறம்

என் அம்மா வியாகுலமேரி பல்லை வெளுக்க வைப்பதற்காக ஒரு திரவத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். இருபது மணி நேரம் கழித்து இறந்துபோனாள். அந்தத் திரவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். அது பல்லுக்கு நல்லதா என்று கேட்டபோது ஆமாம் என்று சொன்னவனும் நான்தான்.

ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். மகன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மருந்தைக் குடித்துவிட்டாள் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மருந்தைக் குடித்தாள் என்றால் சாவதற்காகக் குடித்தாள் என்று பொருள். அது பொய். அம்மாவுக்குச் சாகும் எண்ணம் இல்லை. என் கல்யாணத்தில் வாயைத் திறந்து சிரிக்க வேண்டும் என்று இருந்தாள். அவ்வளவுதான்.

அம்மா பிறந்தது ஆண்டிபட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஊருக்கு ஒரே ஆழ்குழாய்க் கிணறு. அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லின் உள்ளேயே பழுப்பு ஏறிவிடும். அந்த ஊரில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. எல்லாருக்கும் அதே பல்.

இருபத்து மூன்று வயதில் கூடலூர் பக்கம் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். இங்கே ஆற்றுத் தண்ணீர். எல்லாருக்கும் வெள்ளைப் பல். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

"ஏந்த்தா, இந்த வயசுலயே பொகையில போடுவியோ?"

அன்றைக்கு முந்தானையை எடுத்து வாயில் வைத்தவள் முப்பது வருடம் எடுக்கவில்லை. சிரிப்பு வந்தால் முந்தானை. பேச்சு நீண்டால் முந்தானை. கோயிலில் எல்லாரும் பாடும்போது அம்மா உதட்டுக்குள் பாடுவாள். பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்காது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அப்படி இல்லை. எங்களுக்கு எண்பது சென்ட் பன்னீர் திராட்சை இருக்கிறது. அங்கே வேலை இல்லாத நாட்களில் அம்மா மற்றவர்கள் தோட்டத்துக்குக் குலை வெட்டப் போவாள். பந்தலுக்குக் கீழே எல்லாரும் அண்ணாந்துதான் நிற்க வேண்டும். ஒரு கையில் கத்திரி, ஒரு கையில் குலை. யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அங்கே அம்மாவின் குரல்தான் பெரிய குரல். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டிலிருந்தே கேட்கும். ஊரில் நடப்பதையெல்லாம் சொல்லி மற்ற பெண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள். பந்தலை விட்டு வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

பல்லை என்னென்னவோ வைத்துத் தேய்த்தாள். சாம்பல், செங்கல் பொடி, உப்பும் அடுப்புக் கரியும். செல்போன் வந்த பிறகு எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும். ஈறில் ரத்தம் வரும். பச்சைத் தண்ணீர் குடித்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வெளியே ஒட்டிய கறையைத் தேய்த்து எடுக்கலாம். அம்மாவுடையது உள்ளே இருந்தது. முப்பது வருடம் தேய்த்ததில் தேய்ந்தது பல்தான், நிறம் அப்படியே இருந்தது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். கடைசி வருடம் தண்ணீர்ப் பரிசோதனை பற்றி ஒரு புராஜெக்ட். அப்போதுதான் அம்மாவின் பல்லுக்குக் காரணம் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"தண்ணியாலம்மா. உன் தப்பு ஒண்ணுமில்ல."

"அத நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுப் போகவாலே?"

"பல் டாக்டர்ட்டப் போவோம்."

"அங்கன போனா மொதல்ல வாயத் தெறக்கச் சொல்வாகல்ல?"

சிரித்துவிட்டேன். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு வேலை கிடைத்துத் தேனிக்கு வந்துவிட்டேன். சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனியில் சர்வீஸ் வேலை. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவேன். பல் டாக்டர் பேச்சைப் பிறகு நானாக எடுக்கவே இல்லை.

போன ஆகஸ்டில் எனக்கு நிச்சயமானது. பெண் அனிதா மேரி, பெரியகுளம். ஜனவரியில் கல்யாணம். எங்கள் ஊரில் நிச்சயம் முடிந்ததுமே பேனர் வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன், எல்லார் படமும் இருக்க வேண்டும். பேனர் கடை ராக்கப்பன் வீட்டுக்கே வந்து படம் எடுத்தான். அம்மா வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"அத்த, பாஸ்போட்டுக்கா எடுக்கேன்? மகனுக்கு மருமக வாரா. ஜெயிலுக்குப் போற மாதிரி நிக்கிறீக."

அம்மா சிரித்துவிட்டாள். முந்தானை வருவதற்குள் எடுத்துவிட்டான். அம்மா வாயைத் திறந்து சிரிக்கும் படம் அது ஒன்றுதான். அவன் கடையில் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பல்லை வெள்ளையாக்கிவிட்டான். யாரும் சொல்லவில்லை. அவனாகச் செய்தது. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

கோயில் தெரு முக்கில் பத்தடிக்குப் பேனர் கட்டினார்கள். அம்மா அதற்கு எதிரே வெயிலில் வெகுநேரம் நின்றாள். அப்போது அவளோடு குலை வெட்டப் போகும் பாண்டியம்மாள் வந்தாள். அம்மாவுக்கு இந்த ஊரில் உள்ள ஒரே தோழி.

"ஏ மேரி, பேனர்ல நிக்கிறது யாரு? உன் தங்கச்சியா?"

"போடி."

"இல்ல, நல்லா லெச்சணமா இருக்காளே. கல்யாணத்துக்கு அவளையும் கூட்டியாந்துரு. நீ வராட்டியும் பரவால்ல."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானைக்குள் சிரித்தாள். பாண்டியம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பந்தலுக்குக் கீழே இதைவிட மோசமாக ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"ஏலே, பேனர்ல ஒரு பல்லு, நேர்ல ஒரு பல்லுன்னா பெரியகுளத்துக்காரக என்ன நெனப்பாக? ஏச்சுப்புட்டோம்னு நெனைக்க மாட்டாக?"

"அவுகதான் உன்னைய நேர்ல பாத்துட்டாகளேம்மா."

"பாத்தாக. நான் வாயத் தெறந்தேனாலே?"

யோசித்துப் பார்த்தேன். நிச்சயம் நடந்த நாள் முழுவதும் அம்மா அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடணும்லலே," என்றாள். "அதுக்குள்ள ஏதாச்சும் செய்யணும்."

கல்யாணம் முடியட்டும், டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். முடிந்த பிறகு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபரில் எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொண்டன. உள்ளே பாசி. அதை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவோம். என் வேலையில் வழக்கமாகச் செய்வதுதான். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோனேன். ஐம்பது சதவீதம் உள்ளது. கையுறை போட்டுக்கொண்டுதான் ஊற்றினேன். கையுறையில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனி எரிந்தது. கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை.

மதியச் சோறு கொண்டுவந்த அம்மா பார்த்துப் பதறிவிட்டாள்.

"வெந்துருச்சாலே?"

"இல்லம்மா. வெளுத்துருச்சு. செத்த நேரத்துல சரியாகிரும், பாரு."

விளையாட்டாக அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் வெள்ளை மறைந்துவிட்டது. அம்மா என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யலயே," என்றாள். ஒன்றும் செய்யாதும்மா என்றேன்.

கேனில் இரண்டு லிட்டர் மிச்சம். அதை மோட்டார் ரூமில் மேல் தட்டில் வைத்தேன். பூட்டவில்லை. கம்பெனி குடோனில் அதைத் தனி அறையில் பூட்டி, சாவியை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். வீட்டில் அது தோன்றவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் அம்மா செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். பிறகு நானும் தேடி அதைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண், பளிச்சென்ற சமையலறை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், பத்தே நாளில் முத்துப் பல் என்கிறாள். மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று சதவீதத்தைத்தான் அவள் சொல்கிறாள். அந்த மூன்று என்ற எண் ஒரு மூலையில் இரண்டு விநாடி வந்துபோகிறது. வாயால் சொல்லவில்லை. அந்த மூன்றைக்கூட டாக்டரைக் கேட்காமல் தினமும் வாயில் ஊற்றக் கூடாது. அதையும் சொல்லவில்லை.

அம்மா எட்டாவது வரை படித்தவள். வீடியோவில் தெரிந்த பாட்டிலின் ஆங்கில எழுத்துகளையும் மோட்டார் ரூம் கேனின் எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறாள். அவள் செல்போனில் கேனின் படம் இருக்கிறது. பெயர் சரியாக இருந்தது. என் விரல் வெளுத்ததையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனாலும் நேரே வாயில் ஊற்றிவிடவில்லை. என்னைக் கேட்டாள். திங்கட்கிழமை வாட்ஸப்பில் குரல் அனுப்பினாள்.

"ஏலே அமலு, வேலையா இருக்கியா? ஒண்ணு கேக்கணும். இந்த ஹைட்ரசன் பெராக்சைடுங்கிறாகளே, அது பல்லுக்கு நல்லதாலே?"

நான் பெரியகுளத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இருந்தேன். மோட்டார் காற்றிழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறவில்லை. தோப்புக்காரர் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன்.

"ஆமாம்மா. பல் டாக்டரும் அதத்தான் போடுறாக. பொறவு பேசுறேன்."

ஆறு விநாடி. இது எந்தப் பாட்டில், எத்தனை சதவீதம், எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. வேலையில் ஒரு விவசாயி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முதலில் சதவீதத்தைக் கேட்டிருப்பேன். பிறகு பேசுகிறேன் என்றேனே, பேசவும் இல்லை.

செவ்வாய் காலை அம்மா முதலில் மஞ்சள் கறை பிடித்த ஒரு துணியில் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறாள். கறை போயிருக்கிறது. பிறகு டம்ளரில் ஒரு மூடி ஊற்றி, வீடியோவில் சொன்னபடியே ஒரு மூடி தண்ணீர் சேர்த்திருக்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் இருபத்தைந்து சதவீதம். அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. சொன்ன அளவை மீறவில்லை. கேனில் இருந்தது மூன்று இல்லை, ஐம்பது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வாய்க்குள் போனதும் அது நுரைத்துப் பொங்கும். துப்ப நினைப்பதற்குள் தொண்டைக்குள் இறங்கிவிடும். அந்தக் கரைசல் ஒரு மில்லி உள்ளே போனால் ஏறத்தாழ நூறு மில்லி ஆக்சிஜன் வாயு கிளம்பும். அம்மா ஒரு மடக்கு விழுங்கிவிட்டாள்.

பத்து மணிக்கு அப்பா போன் செய்தார்.

"அம்மாவுக்கு வாயிலயும் மூக்குலயும் நொரையா வருதுடா. என்னன்னு தெரியல. மோட்டார் ரூம்புல உன் கேனு தெறந்து கெடக்கு."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயைத் தண்ணீரால் கழுவுங்கள், உடனே கிளம்புங்கள் என்றேன். கம்பத்தில் முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். டாக்டர் கேட்டார், என்ன திரவம், எத்தனை சதவீதம், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று. மூன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன்.

மதியம் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. குரல் மட்டும் தேய்ந்து காற்றாக வந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"வெளுத்துச்சாலே?"

வாயைத் திறந்து காட்டினாள். உதடு, நாக்கு, ஈறு எல்லாம் சுண்ணாம்பு போல வெந்து வெளுத்திருந்தன. நடுவில் பல் அதே பழுப்பில் இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக இருந்ததால் முன்னைவிடக் கருப்பாகத் தெரிந்தது.

"வெளுத்துருச்சும்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப அந்தப் பாண்டியம்மாள வரச் சொல்லு. வந்து பாக்கட்டும்."

அம்மா என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். மூன்று மணிக்கு இடது கையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. பிறகு வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வாயு ரத்தக் குழாய்க்குள் புகுந்து மூளைக்குப் போயிருந்தது. அழுத்தம் கூடிய ஆக்சிஜன் அறைக்குள் படுக்க வைத்தால் குமிழிகள் சுருங்க வாய்ப்பு உண்டு, அது இங்கே இல்லை என்றார் டாக்டர்.

நான் போனை எடுத்தேன். மதுரையில் நான்கு இடம். ஒரு இடத்தில் இல்லை என்றார்கள், ஒரு இடத்தில் பழுது, ஒரு இடத்தில் நான் சொல்வதே புரியவில்லை. நான்காவது இடத்தில் கேட்டார்கள்.

"தற்கொலை கேஸா சார்?"

"இல்லைங்க. பல்லுக்கு."

"பல்லுக்கா?"

"பல்லு வெளுக்க."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டார்கள். பிறகு, இங்கே அந்த வசதி இல்லை சார் என்றார்கள்.

கொச்சியில் ஒரு இடத்தில் இருந்தது. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். ஏலத் தோட்டத்தில் கூலிக்குப் போன காலத்தில் கற்ற மலையாளத்தில் கெஞ்சினார். "சேட்டா, சேட்டா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது காதிலேயே நிற்கிறது. அவர்கள் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். நான் டாக்டரிடம் ஓடினேன்.

"எப்படிப் போவீங்க?" என்றார்.

"குமுளி வழியா."

அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் ரத்தத்தில் உள்ள குமிழி பெரிதாகும். அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் படித்ததுதான். போடி வழியும் மலை, குமுளி வழியும் மலை. மலையில் ஏறாமல் போக வேண்டுமானால் மதுரை, கோயம்புத்தூர் என்று சுற்ற வேண்டும். அதற்குப் பத்து மணி நேரம். அதற்குள் மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். அந்த நிலையில் எந்த வழியிலும் அனுப்ப முடியாது என்றார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் மலை. அதற்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை இருந்தது.

புதன் காலை ஆறு மணிக்கு முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, தேனியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். வீட்டில் போடுவதற்கென்று தரும் மருந்து களிம்பு போல இருக்கும், அதன் வீரியம் மிகக் குறைவு, பல்லுக்கு அளவெடுத்த உறையில் வைத்துத் தருவோம் என்றார். வீரியமானதை நாங்களே ஈறை மூடிவிட்டுத்தான் போடுவோம் என்றார். ஃபுளோரைடு பழுப்பு ஆழமாக ஏறிய பல்லுக்கு அதனாலும் பெரிய பலன் இராது, மேலே பல் நிறத்தில் பூச்சு வைத்துவிடலாம் என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு தடவை வந்தாப் போதும் தம்பி. யாருக்கு?"

எழுந்து வந்துவிட்டேன்.

போலீஸில் விசாரித்தார்கள். விபத்து என்று எழுதினார்கள். ஊர்ப் பேச்சு அடங்கவில்லை. பாண்டியம்மாள் மட்டும் தெருவில் நின்று சண்டை போடுகிறாள், மேரி சாகிறவள் இல்லை என்று. பிறகு வீட்டுக்கு வந்து, தான் கேலி பேசியதால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அப்பா பேசுவதில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மதியம் அப்பாவைத் தோட்டத்தில் தேடிப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவருக்கு அந்த ஆறு விநாடி தெரியாது. போனை எடுத்து அம்மாவின் குரலையும் என் குரலையும் போட்டுக் காட்டினேன். நான்தான் ஆமாம் என்று சொன்னேன் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"எங்கிட்டயும் கேட்டாடா," என்றார். "செவ்வாக்கெழம காலையில. கேனத்தான் கைல வச்சுக்கிட்டு வந்துருக்கா. 'ஏங்க, இது நம்ம அமலு கொண்டாந்ததுதான, ஒண்ணும் செய்யாதுல்ல'ன்னா. நான் கொடியில கவாத்து வெட்டிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. 'அவன் படிச்சவன். அவன் கொண்டாந்தது தப்பாப் போகுமா, போடி'ன்னேன்."

நான் போனை அணைத்தேன்.

"நீ சொன்னதுனாலயா, நான் சொன்னதுனாலயாடா?" என்று கேட்டார். பதில் வேண்டும் என்றுதான் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பதில் போன நேரம் போனில் இருக்கிறது. திங்கட்கிழமை, பதினொன்று பத்து. அதற்குப் பிறகு ஒரு பகல், ஒரு ராத்திரி அம்மா கேனைத் தொடவில்லை. செவ்வாய் காலை அவரைக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றியிருக்கிறாள்.

"நான் சொன்னதுனாலதான்ப்பா," என்றேன்.